ஸ்விஃப்ட் 1.2 பெட்ரோலுக்கு ஏர் இன்டேக்: பேனல் ஃபில்டரா, ஓப்பன் கோனா, முழுக் குழாய் செட்டா?

கொங்கு_83

வணக்கம் நண்பர்களே. வண்டி 2018 ஸ்விஃப்ட் பெட்ரோல், 1197 சிசி, மேனுவல். ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றுவது) செய்யவில்லை, எக்ஸாஸ்ட்டும் கம்பெனியிலிருந்து வந்ததுதான். வாரநாளில் கோவை டிராஃபிக், விடுமுறையில் வால்பாறை, ஊட்டி மலை ரோடு.

கடையில் மூன்று வழி சொல்கிறார்கள். பழைய ஏர் பாக்ஸுக்குள்ளேயே உட்காரும் காட்டன் பேனல் ஃபில்டர். பாக்ஸைக் கழற்றிவிட்டு த்ராட்டில் (இன்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் தகடு) அருகிலேயே மாட்டும் ஓப்பன் கோன். பம்பருக்குப் பின்னால் கீழே இறங்கும் அலுமினியக் குழாய் செட். மூன்றிலுமே பிக்கப் கூடும், மைலேஜும் ஏறும் என்கிறார்கள். எதை எடுக்கலாம்? செக் இன்ஜின் லைட் எரியுமா?

நாலு_சிலிண்டர்

வாங்குவதற்கு முன்னால் உங்கள் வண்டியில் இருக்கும் தடை எவ்வளவு என்று அளந்துவிடுங்கள். ஐம்பது ரூபாய் டியூப் போதும்.

உள்விட்டம் 6 மி.மீ. உள்ள தெளிவான பிளாஸ்டிக் டியூப் மூன்று மீட்டர் வாங்குங்கள். ஒரு பலகையில் U வடிவில் கட்டி, இரு பக்கமும் அரை மீட்டர் உயரம் இருக்கும்படி வைத்து, பாதி வரை வண்ணம் கலந்த தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனை திறந்தே இருக்கட்டும். மறு முனையை, ஃபில்டருக்குப் பிறகும் த்ராட்டிலுக்கு முன்பும் இன்டேக் குழாயில் வந்து சேரும் பிரீதர் ஹோஸில் (இன்ஜினின் உள் வாயுவுக்கான சிறு குழாய்) ஒரு T வடிவ இணைப்பு வைத்து இணையுங்கள். குழாயில் ஓட்டை போட வேண்டாம். பலகை கேபினுக்குள் பக்கத்து சீட்டில் இருப்பவர் கையில் இருக்க வேண்டும். ஓட்டுகிறவர் அதைப் பார்க்கவே கூடாது. காலியான ரோட்டில் இரண்டாம் கியர், முழு ஆக்ஸிலரேட்டர், 6000 ஆர்.பி.எம். தொடும் நேரத்தில் இரு பக்க நீர்மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தூசி இல்லாத ரோடாகப் பார்த்து ஃபில்டரை மட்டும் எடுத்துவிட்டு, பாக்ஸ் மூடியை மாட்டி, ஒரே ஒரு ஓட்டம். உடனே ஃபில்டரைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.

10 செ.மீ. தண்ணீர் ஏறக்குறைய 1 கிலோபாஸ்கல். ஃபில்டரோடு 25 செ.மீ., இல்லாமல் 19 செ.மீ. வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபில்டரின் பங்கு 6 செ.மீ., அதாவது 0.6 கிலோபாஸ்கல். கோவை உயரத்தில் காற்றழுத்தம் 96-97 கிலோபாஸ்கல். உலகத்திலேயே சிறந்த ஃபில்டர் போட்டாலும், ஏன், ஃபில்டரே இல்லாமல் ஓட்டினாலும், 83 பி.எஸ். இன்ஜினில் அரை பி.எஸ்.ஸுக்கு மேல் வராது. மீதி 19 செ.மீ. பாக்ஸின் மூக்கிலும் (காற்று நுழையும் வாய்) குழாய் வளைவிலும் இருக்கிறது. அந்த எண் 30, 40 என்று வந்தால்தான் குழாயை மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். பல நேரம் மூக்கில் காய்ந்த இலை அடைத்திருக்கும்.

இன்ஜினுக்கு வேண்டிய காற்றும் அப்படி ஒன்றும் மலையளவு இல்லை. 1197 சிசி, 6000 ஆர்.பி.எம்., இரண்டு சுற்றுக்கு ஒரு முறை உறிஞ்சல்: நிமிடத்துக்கு அதிகபட்சம் சுமார் 3600 லிட்டர். சுத்தமான காகித ஃபில்டருக்கு அது பெரிய வேலை அல்ல.

மைலேஜ் ஏறும் என்பதை நம்பாதீர்கள். பெட்ரோல் வண்டியில் சாதாரண ஓட்டத்தில் த்ராட்டில் தகடுதான் காற்றை மறித்துக்கொண்டு நிற்கிறது. ஃபில்டர் கொஞ்சம் தாராளமாக விட்டால் தகடு கொஞ்சம் கூடுதலாக மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். அமெரிக்க எரிசக்தித் துறைக்காக ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2009-ல் வெளியிட்ட ஆய்விலும் இதேதான்: நவீன பெட்ரோல் கார்களில் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்தபோது மைலேஜ் குறிப்பிடும்படி மாறவில்லை, முழு ஆக்ஸிலரேட்டரில் வேகம் எடுப்பதுதான் மந்தமானது.

ஓப்பன் கோன் உங்கள் ஓட்டத்துக்கு நஷ்டம். டிராஃபிக்கில் பானட்டுக்குள் காற்று 60 டிகிரியைத் தாண்டும். வெளியே 35 டிகிரி இருக்கும்போது 60 டிகிரிக் காற்றை உறிஞ்சினால் அடர்த்தி ஏழரை சதவீதம் குறைவு. அதோடு நாக்கிங் (பெட்ரோல் தானாகவே வெடித்து இன்ஜின் தட்டுவது) வராமலிருக்க இ.சி.யு. (இன்ஜின் கம்ப்யூட்டர்) தீப்பொறி விடும் நேரத்தையும் பின்னுக்குத் தள்ளும். சத்தம் கூடுவதால் வேகம் கூடியது போலத் தோன்றும்.

சென்சார்பித்தன்

அண்ணன் சொன்னதோட சென்சார் கதையையும் சேர்த்துக்கோங்க ப்ரோ. முதல்ல பானட்டைத் திறந்து ஏர் பாக்ஸுக்கு அடுத்த குழாயில சென்சார் இருக்கான்னு பாருங்க. அங்கே நாலஞ்சு ஒயரோட இருந்தா அது எம்.ஏ.எஃப்., காற்றோட அளவையே நேரா அளக்கும். குழாயில ஒண்ணும் இல்லாம இன்டேக் மேனிஃபோல்டு மேல இருந்தா அது மேப் சென்சார், அழுத்தத்தை வெச்சுக் கணக்கு போடும்.

எம்.ஏ.எஃப். வண்டியில சென்சார் உட்கார்ற இடத்தோட உள்விட்டம் கம்பெனி அளவிலேயே இருக்கணும். 70 மி.மீ. இருந்த இடத்துல 76 மி.மீ. குழாய் போட்டா பரப்பு 18 சதவீதம் கூடும். அதே காற்று மெதுவா போகும், சென்சார் 15 சதவீதம் கம்மியா காட்டும், பெட்ரோலும் அந்த அளவு கம்மியா வரும். சாதாரண ஓட்டத்துல ஆக்சிஜன் சென்சார் இதைப் பார்த்து சரிபண்ணிக்கும், லாங் டேர்ம் ஃபியூல் ட்ரிம் (இ.சி.யு. பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற சதவீதம்) +15, +18-ன்னு நிக்கும். முழு ஆக்ஸிலரேட்டர்ல பெரும்பாலும் அந்தச் சரிபார்ப்பு நடக்காது, அங்கதான் ஆபத்து. ட்ரிம் ரொம்ப மேல போனா செக் இன்ஜின் லைட் எரிஞ்சு பி0171 (பெட்ரோல் கம்மின்னு சொல்ற பிழைக் கோடு) விழும். கிளாம்ப் லூஸா இருந்து சென்சாருக்கு அப்புறம் காற்று கசிஞ்சாலும் இதே கோடுதான். ஐ.ஏ.டி. சென்சாரோட (உள்ளே போற காற்றோட வெப்பத்தை அளக்கிறது) கனெக்டரை மாட்டாம விட்டுட்டா பி0113.

நூறு கிலோமீட்டர் ஓட்டினப்புறம் ஓ.பி.டி. புளூடூத் அடாப்டர்ல (வண்டி கம்ப்யூட்டரை மொபைல்ல படிக்கிற கருவி) ரெண்டு எண் பாருங்க. ஃபியூல் ட்ரிம் ±5-க்குள்ள இருக்கணும். 60 கி.மீ. வேகத்துல ஓடும்போது ஐ.ஏ.டி. வெளி வெப்பத்தைவிட 10 டிகிரிக்கு மேல போகக் கூடாது. பழைய பாக்ஸோட இருக்கும்போதே இதைக் குறிச்சு வெச்சுக்கோங்க, இல்லைன்னா ஒப்பிட ஒண்ணும் இருக்காது.

வேளச்சேரிக்காரன்

கீழே இறங்கும் குழாய் செட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. குளிர்ந்த காற்று கிடைக்கும், உண்மை. ஆனால் ஃபில்டர் பம்பருக்குப் பின்னால் ஃபாக் லேம்ப் உயரத்தில் தொங்கும். முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கினால் நேராக உறிஞ்சிவிடும்.

உங்கள் இன்ஜினில் ஒரு சிலிண்டர் 299 சிசி. சுருக்க விகிதம் 11:1 என்று எடுத்தால் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் 30 சிசி. இரண்டு மேசைக் கரண்டி தண்ணீர். அதற்கு மேல் போனால் தண்ணீர் சுருங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் இந்தச் செலவை ஏற்க மாட்டார்கள். இன்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆன் தனியாக வேண்டும். இன்டேக்கை மாற்றியிருந்தால் அதையும் காரணம் காட்டுவார்கள்.

தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் தயவுசெய்து சாவியைத் திருப்பாதீர்கள். டோ செய்து கொண்டுபோய், நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஃபியூல் பம்ப் ஃபியூஸையும் இக்னிஷன் காயில் கனெக்டர்களையும் எடுத்துவிட்டு, அதன் பிறகுதான் கிராங்க் செய்ய வேண்டும். தண்ணீர் பிளக் துளை வழியாக வெளியேறிவிடும். பல இன்ஜின்கள் போவது, நின்ற பிறகு மறுபடி ஸ்டார்ட் செய்து பார்ப்பதால்தான்.

கொங்கு_83

மிக்க நன்றி. கோனும் குழாயும் வேண்டாம் என்று முடிவு. வால்பாறை ரோட்டுத் தூசிக்கு, கழுவிப் பயன்படுத்தும் காட்டன் பேனல் நல்லதா, காகிதமே போதுமா?

நாலு_சிலிண்டர்

தூசிக்குக் காகிதம்தான் என் தேர்வு. சில நூறு ரூபாய், அழுக்கானால் புதிது போட்டுவிடலாம். காட்டன் எடுத்தால் பராமரிப்பில் சோம்பல் கூடாது. கிளீனர் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கமாக மெல்லிய நீர் விட்டு அலசுங்கள். நிழலில் தானாகக் காய வேண்டும். கம்ப்ரஸர் காற்று அடித்தால் இழை விலகிவிடும். பிறகு ஒவ்வொரு மடிப்பிலும் ஒரே கோடாக ஆயில் விட்டு, இருபது நிமிடம் கழித்து வெள்ளைத் திட்டு தெரியும் இடத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம். ஆயில் அதிகமானால் எம்.ஏ.எஃப். சென்சாரில் படியும், குறைந்தால் தூசி உள்ளே போகும்.

எது போட்டாலும் ஓரத்து ரப்பர் பாக்ஸில் சுற்றிலும் சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு பாக்ஸைத் திறந்து, த்ராட்டிலுக்குப் போகும் பக்கத்தின் உட்சுவரை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் செம்மண் நிறம் ஒட்டினால் காற்று ஃபில்டரைச் சுற்றிப் போகிறது. அந்த ஃபில்டரை அன்றே மாற்றிவிடுங்கள், மணல் துகள் சிலிண்டர் சுவரைத் தேய்த்துவிடும்.

மலை ரோட்டில் பிக்கப் வேண்டுமானால் அந்தப் பணத்தில் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்து, ஸ்பார்க் பிளக்குகளைப் பாருங்கள். டயர் காற்றையும் கம்பெனி அளவுக்கு வையுங்கள்.