வினைக்கட்டுப்பாட்டுக் காரணி கணக்கு: விடை 600, எனக்கு வருவது 720

கேள்வி (பிளஸ் ஒன் மாணவி, திருத்துறைப்பூண்டி)
340 கிராம் அம்மோனியாவும் 528 கிராம் கார்பன் டை ஆக்சைடும் வினைபுரிந்தால் எவ்வளவு யூரியா கிடைக்கும்? மோலார் நிறையால் (ஒரு மோலின் கிராம் எடை: அம்மோனியா 17, கார்பன் டை ஆக்சைடு 44, யூரியா 60) வகுத்தேன். அம்மோனியா 20 மோல், கார்பன் டை ஆக்சைடு 12 மோல். 12 தானே குறைவு? அதுதான் முதலில் தீரும் என்று எடுத்து, 12 மோல் யூரியாவை 60-ஆல் பெருக்கி 720 கிராம் போட்டேன். விடை 600 என்று இருக்கிறது. எங்கே இடறுகிறது? நாளை மறுநாள் தேர்வு சார்.

பதில் (வேதியியல் ஆசிரியர், மன்னார்குடி)
மோலாக மாற்றிய வரைக்கும் சரிம்மா. அடுத்து சமன்பாட்டைப் பார்த்திருக்க வேண்டும்:

2 அம்மோனியா + 1 கார்பன் டை ஆக்சைடு → 1 யூரியா + 1 தண்ணீர்

குத்துக்கு இரண்டு நாற்று நடுகிறார்கள் என்று வைத்துக்கொள். கையில் 20 நாற்று, வயலில் 12 குத்துக்கு இடம். 10 குத்து நட்டதும் நாற்று தீர்ந்துவிடும், இரண்டு இடம் சும்மா கிடக்கும். உன் கணக்கும் இதேதான். மோல் எண்ணிக்கையை அப்படியே ஒப்பிடாதே. அதனதன் கெழுவால், அதாவது சமன்பாட்டில் அதன் முன்னால் நிற்கும் எண்ணால், வகுத்துவிட்டு ஒப்பிடு. 20-ஐ 2-ஆல் வகுத்தால் 10, 12-ஐ 1-ஆல் வகுத்தால் 12. சிறியது 10, ஆகவே அம்மோனியாதான் முதலில் தீர்ந்து வினையை நிறுத்தும் பொருள், அதாவது வினைக்கட்டுப்பாட்டுக் காரணி. யூரியா 10 மோல், 600 கிராம்.

தேர்வில் நேரம் இருந்தால் நிறையைக் கூட்டிப் பார். உள்ளே போனது 340 + 528 = 868. வெளியே யூரியா 600, தண்ணீர் 180, மிஞ்சிய 2 மோல் கார்பன் டை ஆக்சைடு 88. அதுவும் 868. உன் 720-க்கு 24 மோல் அம்மோனியா வேண்டும், இருப்பது 20.

பதில் (வேளாண்மை படிப்பவர், வலங்கைமான்)
தங்கச்சி, இதே கணக்கைத் திருப்பியும் போட்டுப் பழகு. ஒரு மூட்டை யூரியா 45 கிலோ, அதாவது 750 மோல். வயலில் மண்ணிலுள்ள யூரியேஸ் நொதி அதைத் தண்ணீரோடு சேர்த்து மறுபடி அம்மோனியாவாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் உடைக்கிறது. முழுதும் உடைந்தால் 1500 மோல் அம்மோனியா, 25.5 கிலோ! தேங்கிய தண்ணீரில் யூரியாவை வீசினால் இதில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும். பாசி படர்ந்த வயலில் மதிய வெயிலில் தண்ணீரின் காரத்தன்மை ஏறும், இழப்பு இன்னும் கூடும். சம்பாவுக்கு மேலுரம் போடும்முன் தண்ணீரை வடிக்கச் சொல்வது இதனால்தான்.

மாணவி
ரொம்ப நன்றி சார், இப்போது புரிகிறது. அண்ணா, ஒரு சந்தேகம். யூரியாவில் நைட்ரஜன் 60-க்கு 28, அதாவது 46.67 சதவீதம். எங்கள் வீட்டு மூட்டையில் 46 என்றுதானே போட்டிருக்கிறது?

பதில் (வேளாண்மை படிப்பவர்)
நல்ல கேள்வி. 46.67 என்பது சுத்தமான யூரியாவுக்கு. மூட்டையில் கொஞ்சம் ஈரமும், தயாரிப்பின்போது சூட்டில் யூரியாவிலிருந்து உண்டாகும் பையூரெட் என்ற வேறொரு சேர்மமும் இருக்கும். அந்த 46-ஐ 46.67-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் தூய்மைச் சதவீதம் சுமார் 98.6.

பதில் (வேதியியல் ஆசிரியர்)
இதை விளைச்சல் சதவீதத்தோடு குழப்பிக்கொள்ளாதேம்மா. உன் கணக்கில் 600-க்குப் பதில் 480 கிராம்தான் கிடைத்தது என்று கேட்டால், அது 80 சதவீத விளைச்சல். அங்கே யூரியா சுத்தமாகவே இருக்கலாம், கிடைத்த அளவுதான் குறைவு.