புதுப்பிப்பு: நேரலையில் பகிர்வு நடக்காததற்குக் காரணம் கிடைத்துவிட்டது

அக்கா மகளின் அரங்கேற்றத்தைப் பியர்டியூப் வழியாக நேரலையாகக் காட்டினேன். பார்ப்பவர்களே காணொளியைத் துண்டுதுண்டாக ஒருவருக்கொருவர் பகிர்ந்து சர்வரின் சுமையைக் குறைக்க உதவும் காணொளித் தளம் அது. ஆனால் அன்று பார்வையாளர்கள் தங்களுக்குள் துண்டுகளைப் பகிரவே இல்லை. சுமை முழுவதும் என் சிறிய சர்வர் மீது விழுந்து, தில்லானாவின் நடுவில் படம் உறைந்தது. ஏன் என்று போன வாரம் கேட்டிருந்தேன்.

காரணம் நான் தேர்ந்த ‘குறைந்த தாமதம்’ என்ற அமைப்பு. மேடையில் நடப்பது திரையில் தெரியும்வரை ஆகும் தாமதத்தை அது சுமார் 15 விநாடிக்குக் கொண்டுவரும். ஆனால் பகிர்வை அடியோடு நிறுத்திவிடும். யோசித்தால் நியாயம்தான். பதிவான காணொளியில் முன்னால் பார்த்தவர் பின்னால் வருபவருக்குக் கொடுக்கலாம். நேரலையில் எல்லோரும் இப்போதுதான் பிறந்த ஒரே துண்டுக்குக் காத்திருக்கிறார்கள். அதை ஒருவர் வாங்கி அடுத்தவருக்குக் கைமாற்ற அவகாசம் வேண்டுமே!

நேற்று இரவு உறவினர்களை வைத்து ‘அதிகத் தாமதம்’ அமைப்பில், அதாவது சுமார் 60 விநாடியில், சோதித்தேன். பிளேயரின் கீழே சுட்டியை வைத்தால் சர்வரிலிருந்து எவ்வளவு, சக பார்வையாளர்களிடமிருந்து எவ்வளவு என்று காட்டும். சித்தப்பா வீட்டுக் கணினியில் பாதிக்கு மேல் மற்றவர்களிடமிருந்தே வந்தது. பார்த்ததும் அப்படியொரு நிம்மதி!

கைபேசி டேட்டாவில் பார்த்த தம்பிக்கு மட்டும் மற்றவர்களிடமிருந்து எதுவும் வரவில்லை. பலர் ஒரே பொது இணைய முகவரிக்குப் பின்னால் இருக்கும் வலையமைப்பில் நேரடி இணைப்பு பல நேரம் அமையாது.

இன்னொன்று: பகிரும்போது உங்கள் ஐபி முகவரி (இணைய முகவரி) மற்ற பார்வையாளர்களுக்குத் தெரியும். அது வேண்டாம் என்பவர்கள் பகிர்வை நிறுத்திவைக்கலாம். அழைப்பிதழிலேயே இதை எழுதப்போகிறேன்.