ஒரே எடை, வேறு வடிவம்: சவர்க் கிணற்று நீரைக் கருவியில் விடலாமா?

படுவான்கரை வாத்தியார்:
கொக்கட்டிச்சோலைப் பக்கம் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் கற்பிக்கிறேன். வேலிக்கு அப்பால் வயல் வட்டை. பெரும்போகத்தில் மருந்தடித்தால் மணம் குசினி வரை வரும். அதனால் தண்ணீர்ச் சோதனை பற்றி வகுப்பில் அதிகமாகவே பேசுவேன். போன கிழமை ஒரு மாணவி மடக்கிவிட்டாள்: “சேர், திணிவு நிறமாலைமானி எடையைத்தானே பார்க்கிறது? ஒரே எடையில் இரண்டு பொருள் இருந்தால்?” அயன் அசைதிறன் என்று ஏதோ சொல்லி மணியடிக்கும்வரை சமாளித்தேன். யாராவது விளக்குங்கள். என் சொந்தக் கேள்வியும் ஒன்று: எங்கள் சவர்க் கிணற்று நீரை அப்படியே கருவிக்குள் விடலாமா? நீரில் புரதம் இருந்தால் அதில் தெரியுமா?

அக்கரைப்பற்றான்:
சேர், கச்சான் காற்று வீசும்போது கல்லடிப் பாலத்தில் காற்றுக்கு எதிராக இருவர் நடக்கிறார்கள் என்று வையுங்கள். எடை ஒன்றுதான். குடையை விரித்தவர் பிந்துவார், மடக்கியவர் முந்துவார். கருவியில் மின்புலம் அயனை முன்னே இழுக்கும். குழாயில் உள்ள நைதரசனோ ஹீலியமோ மோதி மறிக்கும். எடையும் மின்னேற்றமும் சமமானால், சுருண்டது முதலில் வந்துசேரும். பயணம் சில மில்லிசெக்கன். அடுத்த குழாய் மைக்ரோசெக்கன்களில் எடை பார்ப்பதால், ஓர் அயன் கூட்டம் வந்து முடிவதற்குள் அதைப் பல தடவை எடைபோட்டுவிடலாம்.

புரதமும் இப்படித்தான்: மடிந்திருந்தால் முந்தும், குலைந்திருந்தால் பிந்தும். ஆனால் சவர் நீரை விடவே வேண்டாம். உப்பிலுள்ள சோடியம் புரதத்தில் ஒட்டிக்கொண்டு, வரைபடத்தில் வரவேண்டிய ஒரு கூரிய உச்சியைப் பல துண்டாகச் சிதறடிக்கும். பூச்சிமருந்துகளின் சைகையையும் அமுக்கிவிடும். புரதமென்றால் உப்பை நீக்கி அமோனியம் அசற்றேற்றுக் கரைசலுக்கு மாற்றுவார்கள், அது ஆவியாகிப் போய்விடும். மருந்தென்றால் நீரை ஒரு வடிநிரலில் ஓடவிட்டு, உப்பைக் கழுவி, பொருளை மட்டும் எடுப்பார்கள்.

வாவிக்கரைப் பிள்ளை:
மாதிரி எடுப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! ஒருவர் என்னிடம் சோடாப் போத்தலில் கிணற்று நீர் கொண்டுவந்தார். கருவியில் 391 என்ற எடை எண்ணில் பெரிய உச்சி. கிணற்றில் நஞ்சு என்று அவர் பதறினார். அது பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் தலேற்று, கிணற்று நீரே சேராத எங்கள் வெற்று மாதிரியிலேயே தலைகாட்டும். பூச்சிமருந்துக்குக் கபில நிறக் கண்ணாடிப் போத்தல், பனிக்கட்டிப் பெட்டி, கூடவே ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்த நீர் நிரப்பிய இன்னொரு போத்தல்.

உண்மையைச் சொன்னால், உங்கள் கிணற்றுக்கு முதலில் நைத்திரேற்றும் மலக்கிருமியும் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நைத்திரேற்று வழிகாட்டி அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். உயிருள்ள கிருமியை எண்ண வளர்ப்புச் சோதனைதான். அந்த விலையுயர்ந்த கருவி அதற்கு உதவாது. குளம் பச்சையாகப் பாசி பிடித்திருந்தால் மட்டும் மைக்ரோசிஸ்டின் என்ற பாசி நஞ்சையும் கேளுங்கள். அது ஏழு அமினோ அமிலங்களின் வளையம், கொதிக்கவைத்தாலும் போகாது.

படுவான்கரை வாத்தியார்:
நன்றி பிள்ளை, நன்றி தம்பி. குடை உதாரணத்தை நாளைக்கே எடுக்கிறேன். ஆனால் தம்பி, பெரும்போகத்தில் ஏது கச்சான்? இப்போது வாடை அல்லவா வீசுகிறது. அந்த மாணவி அதையும் பிடிப்பாள். பிள்ளை, கபிலப் போத்தலைக் கிணற்று நீரால் கழுவிவிட்டு நிரப்புவதா, கழுவாமலா?