புதுப்பிப்பு: வேதியியல் முதுகலைக்கு லைப்சிக் போகிறேன்

ஜெர்மனியில் எம்.எஸ்சி. வேதியியல் படிக்க ஹைடல்பெர்க்கா, லைப்சிக்கா, எது கட்டுப்படியாகும் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. லைப்சிக் என்று முடிவாகிவிட்டது.

காரணம் பணம்தான். ஹைடல்பெர்க் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ கல்விக் கட்டணம் கட்ட வேண்டும். நான்கு செமஸ்டருக்கு 6,000. லைப்சிக்கில் எனக்குச் செமஸ்டர் பங்களிப்புத் தொகை (மாணவர் சேவைகளுக்காக எல்லோரும் கட்டுவது) மட்டும்தான். அப்புறம், அங்கே நிறமாலையியலுக்கென்றே (ஒளி போன்ற கதிர்களைக் கொண்டு பொருள்களை ஆராயும் துறை) ஆங்கிலவழி முதுகலை இருக்கிறது. அதில் ஒரு முறையான என்.எம்.ஆர். (காந்தப்புலத்தைக் கொண்டு மூலக்கூறின் அமைப்பைக் கண்டறிவது) என்றால் எனக்கு உயிர். வேதியியலுக்கு நோபல் பரிசு பெற்ற வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் பாடம் நடத்திய பல்கலைக்கழகம் வேறு!

கட்டணம் இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்டில் (மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோ காட்டச் சொன்னார்கள். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு (நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது) முதலில் விண்ணப்பித்துவிடுங்கள்.