புதுப்பிப்பு: கரண்ட் போய் வந்தா டிஸ்க் பேர் மாறுற பிரச்சினை தீர்ந்திட்டுது

போன கிழமை கேட்டிருந்தன், கொக்குவிலில எங்கட ரியூசன் சென்ரர் லினக்ஸ் மெசினில கரண்ட் போய் வந்தாப் பிறகு எஸ்டிபி எண்டு லினக்ஸ் பேர் வைச்சிருந்த பேக்கப் டிஸ்க் எஸ்டிசி ஆகி மவுண்ட் ஆகுதில்லை (திறந்து பாவிக்க ஏலாம இருக்கு) எண்டு. இப்ப சரி. அந்தக் கடைசி எழுத்து டிஸ்க்குக்குச் சொந்தமான பேர் இல்லை, கேர்னல் (லினக்ஸின்ர மையப் பகுதி) எதை முதல் கண்டுதோ அதுக்கு ஏ, அடுத்ததுக்கு பி, ஒவ்வொரு பூட்டிலயும் மாறலாம். பிஎல்கேஐடி எண்ட கட்டளையை அடிச்சு, யூயூஐடி எண்ட அடையாள நம்பரை எடுத்து, எதை எங்க மவுண்ட் பண்ணுறது எண்டு எழுதி வைக்கிற எஃப்எஸ்டேப் ஃபைலில போட்டன், நோஃபெயில் எண்ட ஒப்சனும் சேர்த்தன், டிஸ்க் இல்லாட்டியும் மெசின் எழும்பும்.

யூயூஐடி போதும் எண்டு ஒரு தம்பி சொன்னவர், நல்ல ஐடியாதான், ஆனா அது ஃபைல் சிஸ்டத்துக்குள்ள எழுதிக் கிடக்கிற நம்பர், டிடி எண்ட கட்டளையால டிஸ்க்கை அப்பிடியே குளோன் பண்ணினா ரெண்டு டிஸ்க்கிலயும் ஒரே நம்பர் வரும், ஃபோர்மட் பண்ணினா புதுசு வரும். எந்த டிஸ்க் எண்டு உறுதியா அறிய டிஸ்க் செய்த கம்பனி போட்ட சீரியல் நம்பரைத்தான் நம்பலாம். லினக்ஸில டெவ் ஃபோல்டருக்குள்ள டிஸ்க் எண்ட ஃபோல்டர், அதுக்குள்ள பை-ஐடி ஃபோல்டரில மொடலும் சீரியலும் சேர்ந்தே கிடக்கும், அதின்ர கடைசி நாலு எழுத்தை மார்க்கரால டிஸ்க்கிலயே எழுதி விட்டிருக்கிறன். யூஎஸ்பி பெட்டியில போடுறவை கவனம், சில பெட்டி தன்ர நம்பரைத்தான் காட்டும்.

விண்டோசிலயும் டிஸ்க் 0, டிஸ்க் 1 எண்டுறது மாறும், அதை நம்பி ஃபோர்மட் பண்ணிடாதேங்கோ.