பிரேக் பேடுக்குத் தமிழ்: வெள்ளிக்குள் வேண்டும்

கோவையிலிருந்து:
குழுவினருக்கு வணக்கம். ஹிமாலயன் 411 மோட்டார் சைக்கிளில் பின் பிரேக் பேடை, அதாவது சக்கரத்தோடு சுற்றும் தட்டை அழுத்தி வண்டியை நிறுத்தும் தேயும் பாகத்தை, வீட்டிலேயே மாற்றுவது எப்படி என்று எங்கள் பயண நண்பர்களுக்கு நான்கு பக்கக் கையேடு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. போன மாதம் வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளும் பின் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எவ்வளவு தேய்ந்தது என்று காட்ட பேடில் இருக்க வேண்டிய பள்ளக் கோடே காணோம். அன்றைக்கே தொடங்கிய கையேடு இது. 'பேட்' என்ற சொல் பக்கத்துக்குப் பத்து முறை வந்து கண்ணை உறுத்துகிறது. ஒரு நல்ல சொல் தாருங்கள்.

தஞ்சாவூரிலிருந்து:
உராய்வட்டை. உராய்வு, உரசல், உரைகல் எல்லாம் ஒரே குடும்பம். அட்டை என்பது 'அடு' என்ற வேரிலிருந்து வந்தது, அடுத்து ஒட்டிக்கொள்வது என்று நான் கொள்கிறேன். ஊரும் அட்டைக்கும் அதனால்தான் அந்தப் பெயர். நம் முன்னோருக்கு வண்டி புதிதல்ல. உப்பு வணிகர் வண்டியின் கீழ்மரத்தில் மாற்று அச்சைக் கட்டிக்கொண்டு போனதைப் புறநானூறு 102ஆம் பாட்டில் ஔவையார் சொல்கிறார். 'சேம அச்சு' என்ன அழகான சொல்! ஸ்பேர் என்று வரும் இடத்திலெல்லாம் 'சேம' போடலாம். சேம உராய்வட்டை.

கோவையிலிருந்து:
ஐயா, வால்பாறையில் அட்டை என்றால் காலில் ஏறி ரத்தம் குடிப்பதுதான். "அட்டையைக் கழற்றவும்" என்று எழுதினால் உப்பைத் தேடுவார்கள்.

மதுரையிலிருந்து:
நான் ஐ.டி.ஐ.யில் பாடம் எடுப்பவன். தேய்கட்டை என்று வைக்கலாம். சைக்கிளில் பிரேக் கட்டை என்றுதான் இன்றைக்கும் சொல்கிறோம், எனவே கட்டை பையன்களுக்குப் புதிதில்லை. வினைத்தொகை என்பதால் தேய்ந்த கட்டை, தேய்கிற கட்டை, தேயும் கட்டை மூன்றும் ஒரே சொல்லில் அடங்கிவிடும். பேடின் ஆயுளே அதுதானே!

சென்னையிலிருந்து:
தேய்க்கட்டை என்று ஒற்று மிக வேண்டாமா?

மதுரையிலிருந்து:
வினைத்தொகையில் வல்லினம் மிகாது அக்கா. ஊறுகாயை ஊறுக்காய் என்று எழுதுவீர்களா?

சென்னையிலிருந்து:
சரி, தோற்றேன். ஆனால் பேடுகளைத் தாங்கும் காலிப்பரை என்ன செய்வீர்கள்? 'இடுக்கி' என்று வைத்தால் பொருள் கச்சிதம். சக்கரத்துத் தட்டை இரண்டு பக்கமும் இடுக்கிப் பிடிக்கிறது. "இடுக்கியைக் கழற்றுங்கள்" என்றால்தான் கேரளம் ஞாபகம் வந்து தொலைக்கிறது. அந்த ஊர்ப் பெயரும் இடுக்கு, அதாவது குறுகலான மலையிடுக்கு என்பதிலிருந்து வந்ததாகத்தான் சொல்கிறார்கள். குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் நடுவே அணை நிற்பதைப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
எங்கள் பாடப் புத்தகத்தில் சுவிட்சுக்கு 'ஆளி' என்றுதான் படித்தோம். வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை, ஆனால் பரீட்சைத் தாளில் ஒருவரும் தடுமாறியதும் இல்லை. ஆகவே புதுச்சொல்லுக்குப் பயப்பட வேண்டாம். என்னுடைய வாக்கு 'தடுப்புக்கட்டை'. 'தடை' மட்டும் வேண்டாம். உங்கள் ஊரில் வேகத்தடை என்றால் ரோட்டில் இருக்கும் மேடு.

தஞ்சாவூரிலிருந்து:
கட்டை என்பது மரம். உலோகத் தூளை அழுத்திச் செய்த பேடைக் கட்டை என்பது எப்படிப் பொருந்தும்? மேலும் "இந்தக் கட்டை எப்போது வேகும்" என்பதும் கட்டைதான்.

கோவையிலிருந்து:
நேற்றிரவு பக்கத்து வீட்டுத் தம்பியிடம் இரண்டு பிரதி கொடுத்து, படித்துக்கொண்டே மாற்றச் சொன்னேன். தேய்கட்டை என்று எழுதிய பிரதியில் முதல் வரியிலேயே நின்று "இது எது அண்ணா?" என்று கேட்டான். பிரேக் கட்டை என்று இருந்ததில் கேட்கவில்லை. கட்டையைப் பிடித்திருக்கும் பின் என்ற கம்பியை முதலில் இளக்கி அப்புறம் காலிப்பரைக் கழற்றினான். கட்டையை அழுத்தும் பிஸ்டனைப் பழைய கட்டையாலேயே மெல்ல உள்ளே தள்ளினான். பிரேக் ஆயில் குடுவையில் மட்டம் ஏறியதைக் கவனித்துத் துணியைப் பிடித்தான். வழிந்திருந்தால் பெயின்ட் போயிருக்கும். ஆனால் கடைசிப் பத்தியைப் படிக்காமல் வண்டியில் ஏறிவிட்டான். முதல் மிதியில் பெடல் சும்மா உள்ளே போனது. நல்லவேளை, வாசல் தாண்டவில்லை. புதுக் கட்டை மாட்டியதும் பெடல் கெட்டியாகும் வரை பல முறை மிதிக்க வேண்டும் என்ற வரியை முதல் பக்கத்துக்கே கொண்டுபோகிறேன்.

சொல்லுக்கு வருகிறேன். அச்சில் 'பிரேக் கட்டை'. காலிப்பர் காலிப்பராகவே இருக்கட்டும். மதுரை ஐயாவுக்காகத் தேய்கட்டை அடிக்குறிப்பில் ஒரு முறை வரும்.

மதுரையிலிருந்து:
போதும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
பாதித் தமிழ். இருந்தாலும் சரி.

தஞ்சாவூரிலிருந்து:
எனக்கு உடன்பாடு இல்லை என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அட்டையின் வேர் பற்றித் தனி மடல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.