எழுந்திருக்கும் முன் ஒரு கோப்பை: பெட் காபி அனுபவங்கள்

படுக்கையிலேயே காபி குடிப்பதைச் சோம்பேறித்தனம் என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதே இல்லை. கண் திறந்த நொடியில் உடம்பும் மூளையும் முழுதாக விழித்துவிடுவதில்லை. தலை கனக்கும், யாராவது ஏதாவது கேட்டால் பதில் சட்டென்று வராது. பெரும்பாலானவர்களுக்கு இந்த மந்தம் விலக 15 முதல் 30 நிமிடம் ஆகும். குடித்த காபியில் உள்ள காஃபீன் ரத்தத்தில் நன்றாக ஏறவும் ஏறக்குறைய அரை மணி நேரம் வேண்டும். அந்த அரை மணியைத் தலையணையில் சாய்ந்து கழிப்பதில் என்ன தப்பு? உடம்பு எப்படியும் அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளத்தான் போகிறது.

எனக்கு இந்தப் பழக்கம் முட்டி அறுவை சிகிச்சைக்குப் பிறகு வந்தது. அதற்கு முன்பெல்லாம் அலாரம் அடித்ததும் நேராக அடுப்பங்கரைதான். காபியை நின்றுகொண்டே குடிப்பேன். பாதியில் வைத்துவிட்டு எதையாவது தேடப் போவேன், திரும்பி வருவதற்குள் ஆறிப் போயிருக்கும். அறுவை சிகிச்சை முடிந்து காலை மடக்க முடியாமல் கிடந்தபோது என் கணவர் காபி போட்டுக் கொண்டுவர ஆரம்பித்தார். இரண்டு கோப்பை. ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு, தன்னுடையதோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொள்வார்.

அந்த நேரத்தில் நாங்கள் பேசியதெல்லாம் வேறு மாதிரியான பேச்சு. அதுவரை எங்கள் காலைப் பேச்சு என்றால் சாவி எங்கே, பில் கட்டியாச்சா, சாயந்தரம் எத்தனை மணிக்கு வருவீர்கள், இவ்வளவுதான். படுக்கையில் உட்கார்ந்து குடிக்கும்போது அவர் தன் சின்ன வயதுக் கதைகளைச் சொன்னார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் நான் கேட்டிராத கதைகள். வேலையில் அவருக்கு இருந்த ஒரு பயத்தையும் அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னார்.

தடியில்லாமல் நடக்கத் தொடங்கியதும், "இனிமே நானே எழுந்து போட்டுக்கறேங்க, நீங்க தூங்குங்க" என்றேன். "அப்போ நான் யார்கூட உட்கார்ந்து குடிக்கிறது?" என்று கேட்டார். சரி, யார் முதலில் விழிக்கிறோமோ அவர் போடுவது என்று முடிவானது. இன்றைக்கும் அப்படித்தான்.

இன்னொரு நல்லதும் இதில் இருக்கிறது. அவசரத்தில் குடிப்பவர்கள்தான் நாக்கு வெந்துபோகிற சூட்டில் விழுங்குவார்கள். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களைக் குடிக்கும் பழக்கம் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் சொன்னது. சிக்கல் சூட்டில்தான். காபி புற்றுநோயை உண்டாக்குகிறது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றும் அதே ஆய்வுக்குழு சொல்லிவிட்டது. படுக்கையில் குடிப்பவருக்குக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஆறவிட நேரம் இருக்கிறது.

பல் தேய்க்காமலா என்று கண்டிப்பாகக் கேட்பீர்கள். என் கணவர் தேய்த்துவிட்டுத்தான் குடிப்பார். நான் வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டுக் குடிப்பேன். காபியில் லேசான அமிலம் உண்டு என்பதால் குடித்த உடனே அழுத்தித் தேய்க்காமல் அரை மணி விட்டுத் தேய்ப்பேன்.

உங்கள் வீட்டில் எப்படி?

* * *

அக்கா, நான் தனியாக இருப்பவன். கொண்டுவந்து கொடுக்க ஆள் இல்லை. ஆனாலும் படுக்கையில்தான் குடிக்கிறேன், பிளாஸ்க் புண்ணியத்தில். இரவு படுக்கும் முன் பிளாஸ்க்கில் கொஞ்சம் கொதிநீரை ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிடுவேன். உள்சுவர் முதலில் சூடாகிவிடும். அப்புறம் புதுசாகக் கொதித்த தண்ணீரை வாய்வரை நிரப்பி மூடிவிட வேண்டும். பாதி பிளாஸ்க் என்றால் சீக்கிரம் ஆறிவிடும். பக்கத்தில் கோப்பையும் இன்ஸ்டன்ட் காபித்தூளும் இருக்கும். காலையில் கொதிக்கிற சூடு இருக்காது, ஆனால் தூள் கரையவும் தொண்டைக்கு இதமாக இருக்கவும் போதும். பாலைக் கலந்து இரவெல்லாம் பிளாஸ்க்கில் வைக்கவே வைக்காதீர்கள். வெதுவெதுப்பில் கிருமி பெருகும். ஜேம்ஸ் டூவர் என்ற விஞ்ஞானி 1892-இல் ஆய்வுக்கூடத்தில் கடுங்குளிரான திரவங்களை வைப்பதற்காகச் செய்த பாத்திரம்தான் இந்த பிளாஸ்க். அவரை நினைக்காத காலை எனக்கு அபூர்வம்.

எனக்குத் தைராய்டு மாத்திரையும் உண்டு. அதை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில்தான் போட வேண்டும். காபி சேர்ந்தால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது. அதனால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை காத்திருக்கச் சொல்கிறார்கள். நான் ஒரு மணி நேரம் முன்னாடியே அலாரம் வைத்து, மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறுபடி போர்த்திப் படுத்துவிடுவேன். அடுத்த அலாரம் காபிக்கு. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்களும் டீ, காபியோடு சேர்த்துப் போடாதீர்கள்.

* * *

கட்டிலில் குழந்தை இருக்கிற வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்து வீட்டில் தவழ்கிற குழந்தை போர்வையை இழுத்து, அதன்மேல் இருந்த டீ மொத்தமும் கையில் கொட்டிவிட்டது. போட்டுப் பதினைந்து நிமிடம் ஆன டீகூடக் குழந்தையின் தோலைப் பொசுக்கிவிடும். அவர்கள் உடனே குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் கையைக் காட்டிவிட்டு மருத்துவமனைக்குப் போனார்கள், தழும்பில்லாமல் ஆறிவிட்டது. ஐஸோ பற்பசையோ வைக்கக் கூடாது. என் மகள் வளர்கிற வரை எனக்குப் படுக்கை காபி வேண்டாம் என்று இருக்கிறேன். ஆசை மட்டும் நிறைய இருக்கிறது.

* * *

என் அனுபவம் கொஞ்சம் வேறு. அம்மா படுத்த படுக்கையாக இருந்த காலத்தில் காலை டீயை நான்தான் கொடுப்பேன். ஆயுசு முழுக்க வீட்டில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து எல்லாருக்கும் டீ போட்டவர் அவர். படுக்கைக்கு டீ வருவதை முதலில் அவரால் ஏற்கவே முடியவில்லை. "எனக்கு எதுக்குடா இதெல்லாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் பதில் சொல்லாமல் முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைப்பேன். படுத்த வாக்கில் கொடுத்தால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும், அது வயதானவர்களுக்குப் பெரிய ஆபத்து. கைப்பிடி இரண்டு பக்கமும் உள்ள கோப்பையில் பாதி மட்டும் ஊற்றுவேன். ஒவ்வொரு வாயாக, விழுங்கியாயிற்றா என்று பார்த்துப் பார்த்து. முடிந்ததும் அரை மணி அப்படியே உட்கார்த்தி வைத்திருப்பேன்.

சில வாரங்களில் அவரே எனக்கு முன்னால் விழித்து, "இன்னைக்கு இஞ்சி கொஞ்சம் தூக்கலா போடு" என்று உத்தரவு போட ஆரம்பித்தார். அந்த உத்தரவைக் கேட்கத்தான் நான் எழுந்தேன் என்று சொல்லலாம்.

* * *

அம்மாவைப் பற்றி எழுதிய தம்பி, அந்த இரண்டு கைப்பிடிக் கோப்பை எந்த மாதிரிக் கடையில் கிடைக்கும் என்று சொல்லுங்கள். என் மாமியாருக்குக் கை நடுங்குகிறது. நாளையிலிருந்து அவருக்கும் ஒரு கோப்பை சேர்த்துப் போடப்போகிறேன்.